மாட்டினவன் பார்க்கக் கூடாது

மலையடி விடுதி, மேற்குப் பக்கம்
சனிக்கிழமை, மாலை நான்கு மணி

அன்புள்ள கொக்குக்கு,

மூட்டை எழுதுகிறேன். நலமா என்று கேட்க வாய் வரவில்லை, கேட்காமல் தொடங்கவும் கை வரவில்லை. இந்த ஒரு வரிக்கே மூன்று தாள் கிழித்தாயிற்று. விடுதிக்காரர் கொடுத்த தாளில் ஏழெட்டுதான் மிச்சம். அதனால் இனிமேல் அடித்தல் திருத்தல் எதுவும் கிடையாது, வருவது வரட்டும்.

உன்னை இன்னும் கொக்கு என்று கூப்பிடலாமா என்று தெரியவில்லை. நீள நீளமான காலை வைத்துக்கொண்டு நீ பெடல் மிதிக்கிற அழகைப் பார்த்து இருபது வருஷத்துக்கு முன்னால் நான் வைத்த பெயர். நாலு நாள் பயணத்துக்கு நாற்பது நாளுக்கான சாமானைக் கட்டிக்கொண்டு வருகிறேன் என்று பதிலுக்கு நீ எனக்கு மூட்டை என்று வைத்தாய். இப்போது சக்கர நாற்காலியில் இருக்கிறவனைப் போய்க் கொக்கு என்பது குத்திக்காட்டுகிற மாதிரி இருக்குமோ என்று ரொம்ப யோசித்தேன். ஆனால் உன் சொந்தப் பெயரை எழுதினால் யாரோ கணக்கு வாத்தியாருக்கு லீவு லெட்டர் எழுதுகிற மாதிரி இருக்கிறது. பொறுத்துக்கொள்.

உன் கடிதம் வந்து நாற்பத்து மூன்று நாள் ஆகிறது. என் கண்ணாடிக் கடையில் ஒரு அம்மாவுக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தபோது தபால்காரர் கொண்டுவந்தார். உன் எழுத்தைப் பார்த்ததும் அந்த அம்மாவை அப்படியே உட்காரவைத்துவிட்டு உள்ளே போய்ப் படித்தேன். 'அன்னைக்குக் காலையில விடுதி வாசல்ல ஷூ நாடா கட்டினது வரைக்கும் ஞாபகம் இருக்கு. அடுத்த ஞாபகம் ஆஸ்பத்திரி மின்விசிறி. நடுவுல இருக்கிறதை யாரோ சுத்தமாத் துடைச்சுட்டாங்க. நீ கூட இருந்தவன், ஒண்ணு விடாம எழுது' என்று கேட்டிருந்தாய். நான் தங்கச்சி என்று கூப்பிடுகிற உன் மனைவி பிரிந்துபோகக் கேட்கிறாள் என்றும், மலையில் மெல்ல இறங்குவேன் என்று அவளுக்குக் கொடுத்த வாக்கை மீறினவன் நீ என்று அவள் நினைக்கிறாள் என்றும் எழுதியிருந்தாய். மறுத்துப் பேச உன்னிடம் ஞாபகமே இல்லை, வேகமாகப் போனாய் என்று மூட்டையே சொல்லிவிட்டான், அப்புறம் என்ன பேச்சு என்று நீ ஒத்துக்கொண்டதையும் எழுதியிருந்தாய். கடைசியில் ஒரு வரி. 'உன் பயணத்தையும் கெடுத்துட்டேன்டா, மன்னிச்சுக்கோ.'

அந்த வரியைப் படித்துவிட்டு வெளியே வந்து, அந்த அம்மாவுக்கு இடது கண் பவரை வலது கண்ணுக்கு எழுதிக் கொடுத்தேன். அவர்கள் இரண்டு நாள் தலைவலியோடு அலைந்துவிட்டுத் திரும்பி வந்து திட்டினார்கள். நன்றாகத் திட்டினார்கள். எனக்கு அது இதமாக இருந்தது.

ஏன் நாற்பத்து மூன்று நாள் என்று நீ கேட்பாய். கோழைத்தனம்தான், வேறொன்றுமில்லை. தினமும் சாயங்காலம் எழுதலாம் என்று உட்காருவேன், தாளின் தலையில் தேதி போடுவேன், தேநீர் குடிப்பேன், எழுந்துவிடுவேன். மூன்று தடவை போன் பண்ணினேன். மூன்று தடவையும் உன் அக்காதான் எடுத்தார்கள். முதல் தடவை, 'தம்பி, சாப்பிட்டியா, ரொம்ப இளைச்சுட்டேன்னு கேள்விப்பட்டேனே' என்றார்கள். உனக்குக் குளிப்பாட்டிவிட்டு வந்த ஈரக் கையோடு என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்கிற மனுஷி. சும்மாதான் கூப்பிட்டேன் என்று வைத்துவிட்டேன். இரண்டாம் தடவையும் அதே கதைதான். மூன்றாம் தடவை, முந்தாநாள், 'முடிஞ்சிருச்சு தம்பி, கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டான். அவளும் குழந்தையைக் கூட்டிக்கிட்டு அவங்க அம்மா வீட்டோட போயிட்டா. எல்லாம் இவன் திமிர். நீ எவ்வளவு சொல்லியிருப்பே, கேட்டானா?' என்றார்கள்.

நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை கொக்கு. உன் அக்கா என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உன் கடிதம் என் மேஜை டிராயரில் கிடந்த நாட்களில்தான் உன் குடும்பம் இரண்டாகப் போயிருக்கிறது. மறுநாளே கடையைப் பூட்டினேன், சைக்கிளை பஸ் கூரையில் கட்டினேன், நேற்று சாயங்காலம் மலைக்குக் கிழக்கே, நாம் தங்கின அதே விடுதிக்கு வந்து சேர்ந்தேன். நான் உன்னிடம் சொல்ல வேண்டியது எனக்கு இரண்டு வருஷமாகத் தெரியும். ஆனால் அது அப்படி இல்லையோ, வேறு மாதிரி இருந்திருக்குமோ என்று ஒரு நூலளவு இடத்தை எனக்காக ஒதுக்கி வைத்திருந்தேன். அந்த இடம் உண்மையா என்று பார்க்கத்தான் இன்றைக்கு ஏறினேன்.

காலை ஐந்தரைக்குக் கிளம்பினேன். நீ ஷூ நாடா கட்டின அதே படிதான். அன்றைக்கு நீ இரட்டை முடிச்சுப் போட்டுவிட்டு, என் பைகளை எண்ணிப் பார்த்து, 'ஏண்டா, குடித்தனம் போறோமா?' என்று கேட்டாய். இது உன் ஞாபகத்தில் இருக்கிறதா, துடைத்துப் போனதில் சேர்ந்துவிட்டதா? எதற்கும் எழுதி வைக்கிறேன். குளிரில் பல் கிட்டியது. மர அறுவை மில் தாண்டும் வரைக்கும் சாலை ஆற்றை ஒட்டியே சமமாகப் போகிறது. அங்கே மரத்தூள் வாசனை இன்னும் அப்படியே இருக்கிறது. மில் தாண்டினதும் ஏற்றம் ஆரம்பித்துவிடும், பிறகு இருபத்திரண்டு கிலோமீட்டருக்கு மூச்சுவிட விடாது.

அன்றைக்கு ஒன்பதாவது கிலோமீட்டர்க் கல்லில், பாறைக் குழாயில் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் நீ எனக்காக அரை மணி நேரம் காத்திருந்தாய். நான் நாக்குத் தள்ளி வந்து சேர்ந்தபோது கல்லின் மேல் காலை நீட்டிக்கொண்டு உன் வாண்டின் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அவளுக்கு அப்போது மூன்று வயது. இந்தத் தடவை இறங்கினதும் அவளுக்கு மூன்று சக்கர சைக்கிள் வாங்க வேண்டும், பெல் வைத்தது, என்றாய். நான் இன்று அதே கல்லில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். குழாயை மாற்றியிருக்கிறார்கள்.

பதினேழாவது கல்லில் நான் இறங்கித் தள்ளினேன். அன்றைக்கும் அங்கேதான் தள்ளினேன், நீ மேல் வளைவில் நின்று அதைப் போட்டோ எடுத்து, 'மூட்டை, உன் கடையில சட்டம் போட்டு மாட்டுறேன்டா' என்று மலை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாய். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. இருபது வருஷமாக நீ முன்னால், நான் பின்னால். இருபது வருஷமாக நீ காத்திருக்கிறவன், நான் மூச்சிரைத்து வருகிறவன். சிரித்துவிட்டுப் போகிற விஷயம், நானும் எத்தனையோ தடவை சிரித்திருக்கிறேன். அன்றைக்கு என்னவோ உறைத்துவிட்டது. உச்சி வரைக்கும் உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இன்று அதே இடத்தில் தள்ளும்போது மேலே நிமிர்ந்து பார்த்தேன். யாராவது என்னைப் போட்டோ எடுக்க மாட்டார்களா என்று இருந்தது.

கணவாய் உச்சியில் அதே தேநீர்க் கடை, அதே கல் பெஞ்சு. கடைக்கார அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. 'கூட வந்தாரே நெடுநெடுன்னு ஒருத்தர், அவர் வரலையா?' என்று கேட்டார்கள். ஊரில் வேலையாக இருக்கிறார் என்றேன். பார், பொய் சொல்ல எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

இனிமேல்தான் நீ கேட்ட விஷயம் வருகிறது. கவனமாகப் படி.

மலை இறங்குவதற்கு முன்னால் நம் வழக்கம் உனக்கு மறந்திருக்காது. நீ கொண்டுவந்த விதிதான். சைக்கிளில் எந்தச் சாமானை யார் மாட்டினாலும் மாட்டினவன் அதைச் சரிபார்க்கக் கூடாது, மற்றவன்தான் பார்க்க வேண்டும். தான் செய்த தப்பு தன் கண்ணுக்குத் தெரியாது, பரீட்சைத் தாளைத் திருத்தித் திருத்தி எனக்கு அது தெரியும் என்பாய். பார்த்தவன், 'பார்த்துட்டேன், கிளம்பு' என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்ன பிறகுதான் மற்றவன் சீட்டில் ஏறலாம். இருபது வருஷத்தில் ஒரு தடவைகூட நீ இதை விட்டுக்கொடுத்ததில்லை. பாலைவனம் மாதிரிச் சமமாகக் கிடக்கிற சாலையில்கூட என்னைக் குனியவைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறாய்.

அன்றைக்கு உச்சிக்கு வந்தபோது உன் பிரேக் கட்டைகள் நான்கும் தேய்ந்து தகரம் தெரிந்தது. அதற்கு முன் மூன்று நாளும் மழையில் ஓட்டியிருந்தோம். புதுசு என் மூட்டையில் இருந்தது. நீயே மாற்றியிருப்பாய். ஆனால் என் பிஸ்கட் டப்பாவைத் திறக்கும்போது தகரம் கிழித்து உன் வலது கட்டைவிரலில் நல்ல வெட்டு. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு, 'நீ மாட்டு, நான் பாக்குறேன்' என்றாய். நான் பேசாமல் வண்டியைக் கல் பெஞ்சுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்து நான்கையும் மாற்றினேன். அப்போதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

மாட்டி முடித்ததும் நீ பார்க்கக் குனிந்தாய். விதிப்படி குனிந்தாய். நான் வெடுக்கென்று, 'நாள் முழுக்க ஊர்க் கண்ணைப் பாக்குறவன் நான், என் கண்ணு மேல உனக்கு நம்பிக்கை இல்லையா?' என்று கேட்டேன். நீ குனிந்தபடியே என்னை ஏறிட்டுப் பார்த்தாய். நான் கோபத்தில் இருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். போட்டோ எடுத்ததற்கு நீ வருத்தப்பட்டாய் என்றும் எனக்குத் தெரிந்தது. சிரித்துவிட்டு நிமிர்ந்தாய். 'சரிடா, நீ பாத்தா நான் பாத்த மாதிரிதான்' என்றாய். நான், 'பார்த்துட்டேன், கிளம்பு' என்றேன்.

நான் பார்க்கவில்லை, கொக்கு. ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. என்னைச் சமாதானப்படுத்துவதற்காக நீ உன் விதியை விட்டுக்கொடுத்த ஒரே நாள் அதுதான்.

இன்று அதே கல் பெஞ்சில், அதே மாதிரி என் வண்டியைக் கவிழ்த்து வைத்து, அதே மாதிரி நான்கு புதுக் கட்டைகளை மாற்றினேன். யோசிக்காமல், கை போகிற போக்கில் மாட்ட வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏனென்றால் நான் தெரிந்துகொள்ள விரும்பியது என் கையின் பழக்கத்தை. கட்டையின் தகரக் கூட்டில் ஒரு முனை மூடியிருக்கும், ஒரு முனை திறந்திருக்கும். மூடின முனை முன்பக்கம் இருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் சக்கரம் இழுக்கிற இழுப்பில் ரப்பர் கூட்டைவிட்டு முன்னால் நழுவிப் போய்விடும். இதெல்லாம் உனக்குப் பாடம். எனக்கும் தெரியும், என் கடைப் பின்கட்டில் வண்டியைக் கொக்கியில் நேராகத் தொங்கவிட்டு மாட்டும்போது ஒரு நாளும் தப்பினதில்லை. அதனால் சரியாகத்தான் மாட்டியிருப்பேன், உன் வண்டிக்கு வேறு ஏதாவது ஆகியிருக்கும் என்று அந்த நூலளவு இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். மாட்டி முடித்தேன். பார்க்கத் தைரியம் வரவில்லை. வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தேநீர் குடித்தேன். சரியாக இருக்க வேண்டும், சரியாக இருக்க வேண்டும் என்று மனசுக்குள் அரற்றிக்கொண்டே குடித்தேன்.

பக்கத்தில் ஒரு லாரி டிரைவர் நின்றுகொண்டிருந்தார். என் வண்டியைச் சுற்றி வந்தார். 'அண்ணே, கோச்சுக்காதீங்க, நாலு கட்டையும் திருப்பிப் போட்டிருக்கீங்க' என்றார். கவிழ்த்து வைத்த வண்டியில் கண்ணுக்கு எதிரே ஓடுகிறது சக்கரத்தின் அடிப்பக்கம், அது பின்னாலே பார்த்து ஓடும், அதைப் பார்த்து நிறையப் பேர் ஏமாந்துவிடுவார்கள் என்று பொறுமையாக விளக்கினார். 'சமவெளில ஒண்ணும் தெரியாது. இந்த இறக்கத்துல பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே போனீங்கன்னா பத்து வளைவு தாங்காது' என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, 'என்னண்ணே, அதான் கிளம்பலையே, தப்பிச்சுட்டீங்களே' என்று தோளில் தட்டினார். கடைக்கார அம்மா ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார்கள். ஐம்பது வயது ஆம்பளை நடு ரோட்டில் குழந்தை மாதிரி அழுதால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்?

நீ பத்து வளைவு தாங்கினாய். பதினோராவதில் விழுந்தாய்.

உனக்குத் தெரியாத மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். நீ முன்னால் போனாய், நான் உனக்கு இரண்டு வளைவு மேலே வந்துகொண்டிருந்தேன். மேலேயிருந்து பார்த்தால் கீழே போகிறவன் நன்றாகத் தெரிவான். நீ நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு நேரம் இருக்கிறது என்கிற மாதிரி இறங்கிக்கொண்டிருந்தாய். கட்டை ரிம்மில் தேய்கிற கிறீச்சல் எனக்கு மேலே வரைக்கும் கேட்டது. தங்கச்சிக்கு நீ சொன்ன வார்த்தை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, நானும் அன்றைக்கு உன் வீட்டு வாசலில்தான் நின்றேன். 'அடிவாரம் போய்ச் சேர்ற வரைக்கும் பிரேக்கை விட்டுக் கையை எடுக்க மாட்டேன், போதுமா?' என்றாய். அவள் உன்னை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, 'அண்ணே, நீங்க கூட இருக்கீங்கங்கிற தைரியத்துலதான் அனுப்புறேன்' என்றாள்.

நீ கையை எடுக்கவில்லை. அதுதான் உன்னைக் கொன்று போட்டிருக்கும். நீ மற்றவர்களைப் போலப் பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து வேகமாக இறங்கியிருந்தால்கூட அந்த ரப்பர் அடிவாரம் வரைக்கும் கூட்டில் நின்றிருக்குமோ என்னவோ. வாக்குக் கொடுத்தபடி விடாமல் பிடித்துக்கொண்டே போனாய், அது கொஞ்சம் கொஞ்சமாக நழுவிக்கொண்டே வந்திருக்கிறது. திடீரென்று கிறீச்சல் நின்றது. நீ காலைத் தரையில் ஊன்றிப் பார்த்தாய், செருப்புத் தேய்கிற மாதிரி உன் ஷூ தேய்ந்தது. ஒரு தடவை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாய். மூட்டை என்று இல்லை, என் சொந்தப் பெயரைச் சொல்லி. பிறகு வளைவில் உன்னைக் காணவில்லை.

உன்னை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு உன் வண்டியைப் பள்ளத்திலிருந்து எடுத்தவன் நான்தான். மூன்று கூடு காலி. நான்காவதில் ரப்பர் பாதி வெளியே நழுவி நின்றுகொண்டிருந்தது. விழுந்த அதிர்ச்சியில் பிய்ந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டே, யார் கண்ணிலும் படுவதற்குள் ஸ்பேனரை எடுத்து நான்கையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். விழுந்ததில் பிய்ந்தது என்று நிஜமாகவே நம்புகிறவன் எதற்காகக் கழற்றப் போகிறான்? ஆஸ்பத்திரியில் விவரம் எழுதிக்கொள்ள வந்தவர் எப்படி ஆச்சு என்று கேட்டார். என் வாய், 'வேகமா போயிட்டான்' என்றது. ஒரே ஒரு வரி. அதை அவர் எழுதிக்கொண்டார், உன் அக்கா கேட்டார்கள், தங்கச்சி கேட்டாள், பிறகு கண் விழித்து நீயும் கேட்டாய். அதற்கப்புறம் அதை மாற்ற எனக்குத் தினமும் ஒரு நாள் கிடைத்தது. எழுநூறு நாளுக்கு மேல் கிடைத்தது.

டிரைவர் கட்டைகளைச் சரியாக மாட்டித் தந்துவிட்டுப் போனார். அவர் மாட்டினதை நான் குனிந்து பார்த்தேன், விதிப்படி. ஆனாலும் சீட்டில் ஏற முடியவில்லை. பத்தொன்பது கிலோமீட்டரையும் வண்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தே இறங்கினேன். எதிரே ஏறி வந்த சைக்கிள்காரர்கள் இரண்டு மூன்று பேர், 'பஞ்சரா?' என்று கேட்டு நின்றார்கள், பம்பு தருவதாகச் சொன்னார்கள். ஆமாம் என்று ஒவ்வொருவரிடமும் தலையாட்டினேன். பதினோராவது வளைவில் இப்போது இடுப்புயரத்துக்குச் சுவர் கட்டி வெள்ளை அடித்திருக்கிறார்கள். சுவரைத் தொட்டுப் பார்த்தேன், கையில் சுண்ணாம்பு ஒட்டியது, பிறகு வெயில் ஏறிவிட்டது என்று நடந்தேன்.

இந்த விடுதியில்தான் அன்றைக்கு நாம் இரண்டு பேரும் வந்து தங்கியிருக்க வேண்டும். அறையில் இரண்டு கட்டில் இருக்கிறது. ஒற்றைக் கட்டில் அறை இல்லையா என்று கேட்டேன், இல்லையாம். ஒன்றில் என் பைகளைப் பரப்பிவிட்டேன், காலியாகக் கிடப்பதைப் பார்க்க முடியவில்லை.

வந்ததும் முதலில் தங்கச்சிக்குத்தான் எழுதினேன். நீ மெல்லத்தான் இறங்கினாய், நான் கண்ணால் பார்த்தேன், கட்டையைத் திருப்பி மாட்டினவன் நான், பார்க்க விடாமல் தடுத்தவனும் நான், பொய் சொன்னவனும் நான் என்று பூசி மெழுகாமல் எழுதினேன். உன் அக்காவுக்கும் தனியாக ஒரு பக்கம். இரண்டையும் வாசலில் இருக்கிற தபால் பெட்டிக்குள் போட்ட பிறகுதான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். உனக்கு எழுதி முடித்ததும் எனக்கு மறுபடியும் பயம் வந்து எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிடுவேன் என்று தோன்றியது. என்னை எனக்குத் தெரியும். கழற்றின நான்கு கூடுகளையும் ஒரு மூக்குக்கண்ணாடிப் பெட்டியில் வைத்து இதோடு பார்சலில் அனுப்புகிறேன். யாராவது நம்பவில்லை என்றால் காட்டு. எந்தச் சைக்கிள் கடைக்காரரிடம் கேட்டாலும் ஒரே நிமிஷத்தில் சொல்லிவிடுவார்.

தங்கச்சி திரும்பி வருவாளா என்று எனக்குத் தெரியாது. வராமலும் போகலாம். இரண்டு வருஷக் கசப்பு ஒரு தாளில் கரையும் என்று நினைக்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை. ஆனால் வாண்டுக்கு ஐந்து வயதாகிவிட்டது. அப்பா சொன்ன பேச்சைக் காப்பாற்றாதவர் என்று நினைத்துக்கொண்டு அந்தக் குழந்தை வளரக் கூடாது. அவள் பெரியவளாகிக் கேட்கும்போது கொடுப்பதற்காகவாவது இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடாதே. என் மேல் இருக்கிற ஆத்திரத்தில் கிழிக்கத் தோன்றும். பெட்டியைத் தூக்கி வீசு, என்னை வாயில் வந்ததெல்லாம் சொல், இதை மட்டும் வை.

மன்னிப்பு என்று ஒன்று எழுதலாமா என்று பார்த்தேன். நீ என்னிடம் கேட்டு எழுதின அதே வார்த்தையை நான் எப்படி எடுத்துத் திரும்ப உனக்கு எழுதுவது? அதனால் கேட்கவில்லை. பதிலும் போட வேண்டாம். உன் உடம்பைப் பார்த்துக்கொள், குளிர்காலம் வருகிறது, முதுகில் புண் வராமல் உன்னைத் திருப்பிப் படுக்கவைக்க அக்காவிடம் சொல், வெட்கப்படாதே. உன் மகள் சைக்கிள் விடுகிற நாள் வரும், அதை நீ வாசலில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், கண் நிறையப் பார்க்க வேண்டும். அந்த நாளுக்காக நீ நூறு வயது நன்றாக இரு. பெல் வைத்தது வாங்கிக் கொடு.

எழுதி முடித்துவிட்டேன். இதைத் திருப்பி நான் படித்துப் பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டேன். மாட்டினவன் பார்க்கக் கூடாது. எங்கேயாவது எனக்குச் சாதகமாக வளைத்து எழுதியிருக்கிறேனா, எதையாவது விட்டுவிட்டேனா என்று இந்தத் தடவை நீயே குனிந்து பார்.

இப்படிக்கு,
அன்றைக்குப் பார்க்காமலே சொன்ன
மூட்டை